பூங்காவின் சாவி யாரிடம்?

சென்னை சென்ட்ரல் ரயில் நிலைய வாசலில் இறங்கி வலப்பக்கம் நடந்தால், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி வெள்ளைவெளேர் என்று ரிப்பன் கட்டடம் எழுந்து நிற்கும். 426 சதுர கிலோமீட்டர் பரப்பு, 200 வார்டுகள், 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் என்று விரிந்து கிடக்கும் பெருநகர சென்னை மாநகராட்சியின் தலைமையகம் அது. எந்த நகரில் ஊஞ்சல் சங்கிலி அறுந்தாலும், எந்தப் பேட்டையில் சறுக்குமரம் துருப்பிடித்தாலும் பொறுப்பு கடைசியில் வந்து நிற்கும் இடம்.

அந்தக் கட்டடம் நிற்கும் மண்ணே ஒரு காலத்தில் பூங்காவாக இருந்தது.

1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், நெரிசலில் மூச்சுத் திணறிய கறுப்பர் நகரத்து மக்களுக்குக் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். கறுப்பர் நகரம் என்பது இன்றைய ஜார்ஜ் டவுன். அதற்கு மேற்கே 116 ஏக்கரில் உருவானதுதான் பீப்பிள்ஸ் பார்க். உள்ளே பதினோரு குளங்கள், வண்டி ஓடும் பாதைகள், பேண்டு வாத்தியம் இசைக்க ஒரு மேடை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் 1855-இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையும் பின்னர் இங்கே இடம்பெயர்ந்தது. அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தை ‘செத்த காலேஜ்’ என்றும், காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். வெளியூர் உறவுகள் வந்தால் இரண்டையும் காட்டாமல் அனுப்புவதில்லை.

அந்த 116 ஏக்கர் எங்கே போயிற்று? ஒரே நாளில் எவரும் அதைப் பறித்துக்கொள்ளவில்லை. 1888-இல் விக்டோரியா பொது மண்டபத்துக்காக 57 கிரவுண்டு, 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. கிரவுண்டுக்கு எட்டணா என்று கணக்கு. 1898-இல் மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1913-இல் ரிப்பன் கட்டடம் திறக்கப்பட்டது. பிறகு மாநகராட்சி ஸ்டேடியம் வந்தது. 1956 ஜனவரியில் வினூ மங்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அந்த மைதானத்தில்தான். அதே இடத்தில் 1993-இல் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்து சாம்பலானது. அந்த இடம் புறநகர் ரயில் நிலையமானது. அதே காலகட்டத்தில் உயிர் காலேஜும் வண்டலூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இந்தப் பட்டியலில் வேண்டாத பொருள் என்று எதைச் சொல்ல முடியும்? நாடகம் பார்க்க மண்டபம் வேண்டும். சாமான் வாங்க மார்க்கெட் வேண்டும். நகராட்சிக்கு அலுவலகம் வேண்டும், விளையாட மைதானம் வேண்டும், லட்சக்கணக்கானோர் வந்து போக ரயில் நிலையம் வேண்டும். எல்லாமே ஊருக்கு நல்லவை. பூங்காக்களை விழுங்குவது பெரும்பாலும் இத்தகைய நல்ல காரியங்கள்தான். கெட்ட நோக்கத்தோடு வருபவரை எதிர்த்து நிற்பது எளிது. மருத்துவமனை கட்டுகிறேன், பள்ளிக்கூடம் கட்டுகிறேன், ரயில் விடுகிறேன் என்று வருபவரிடம் “இந்தப் புல்தரை அப்படியே இருக்கட்டும்” என்று சொல்ல ஒரு நகரத்துக்கு நெஞ்சுரம் வேண்டும். ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் இன்று மிஞ்சியிருக்கும் மை லேடீஸ் பூங்கா, அந்த நெஞ்சுரம் நமக்கு எவ்வளவு இருந்தது என்பதற்கான அளவுகோல்.

ஏரியை மூடி எழுந்த நகர்

பூங்காவை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவிட்டுத் தெருப் போட்ட பகுதிகளும் சென்னையில் உண்டு. தியாகராய நகர் அதற்கு முதல் உதாரணம். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலம் ஏரியின் பரப்பை மூடி அங்கே புதிய குடியிருப்பு எழுந்தது. அதன் நடுநாயகமாகப் பனகல் பூங்கா. தெருக்கள் அதிலிருந்து நாலாபுறமும் கதிர்களாகப் பிரிந்தன. அப்போது நீதிக் கட்சி ஆட்சி. பூங்காவுக்கு, மாகாணப் பிரதமராக இருந்த பனகல் அரசரின் பெயர், நகருக்கு மாநகராட்சியின் முதல் இந்தியத் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர், இன்னொரு பூங்காவுக்கு டாக்டர் நடேசனாரின் பெயர். ஒரு ஏரியை இழந்து நகர் கட்டியதில் பின்னாளைய வெள்ளங்களுக்கான விதையும் இருந்தது. என்றாலும், வீட்டு மனைகளை விற்பதற்கு முன்பே “இவ்வளவு இடம் எல்லோருக்கும்” என்று ஒதுக்கிவைத்த அந்தத் திட்டக்காரர்களின் ஒழுங்கை மறுக்க முடியாது.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பனகல் பூங்காவுக்கு மெட்ரோ வந்தது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி வழித்தடத்துக்காகப் பூங்காவின் ஒரு பகுதி தகரம் கொண்டு அடைக்கப்பட்டது. ‘மயில்’ என்று பெயர் சூட்டப்பட்ட சுரங்கம் தோண்டும் இயந்திரம் 2023-இல் அங்கிருந்து கோடம்பாக்கம் நோக்கிப் புறப்பட்டது. நெரிசலில் தவிக்கும் தி.நகருக்கு மெட்ரோ வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனாலும் நகரின் நடுவே தோண்ட இடம் தேடும் ஒவ்வொரு திட்டமும் முதலில் வந்து நிற்பது பூங்காவில்தான். வீடுகளை இடிக்க வேண்டாம், இழப்பீடு கொடுக்க வேண்டாம், வழக்குப் போட உரிமையாளர் இல்லை. மரத்துக்கு வாய் கிடையாது.

‘தற்காலிகமாக’ என்ற சொல்லுக்கு ஒரு பூங்காவில் என்ன பொருள் என்பதை ஷெனாய் நகரைக் கேட்டால் தெரியும்.

தொழிற்சங்கத் தலைவர் திரு.வி.க.வின் பெயரைத் தாங்கிய பூங்கா அங்கே இருக்கிறது. முதல் கட்ட மெட்ரோவின் ஷெனாய் நகர் சுரங்க நிலையத்துக்காக 2011-இல் அதை எடுத்துக்கொண்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. நிலையம் கட்டி முடிந்து ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் பூங்கா திரும்பி வரவில்லை. மக்களிடம் மறுபடி ஒப்படைக்கப்பட்டபோது ஆண்டு 2023. பூங்கா மூடப்பட்ட அன்று ஊஞ்சல் ஆட வந்து ஏமாந்து திரும்பிய ஐந்து வயதுக் குழந்தை, அது திறக்கப்பட்ட அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்திருக்கும். அந்தத் தலைமுறைக்கு அந்தப் பேட்டையில் பூங்காவே இல்லை.

பக்கத்து அண்ணா நகரில் இன்னொரு கதை. 1968-இல் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய விஸ்வேஸ்வரய்யா கோபுரம் அங்கே நடுநாயகம். 135 அடி உயரம். சுழல்பாதையில் ஏறிப்போய் மேலிருந்து ஊரைப் பார்ப்பது ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் விடுமுறைக் கனவு. பாதுகாப்பு காரணம் சொல்லி அதையும் 2011-இல் மூடினார்கள். கம்பித் தடுப்புகள் போட்டு மறுபடி திறந்தது 2023-இல். சுற்றிலும் இருந்த பூங்கா திறந்தே இருந்தது. கோபுரத்துக்கு மட்டும் பன்னிரண்டு ஆண்டுப் பூட்டு. கம்பித் தடுப்பு அமைக்க இவ்வளவு காலம் தேவையில்லை. ஓர் ஆபத்து வந்தால் அதைச் சரிசெய்வதைவிடக் கதவைச் சாத்திவிடுவது நிர்வாகத்துக்கு எப்போதும் எளிதாக இருக்கிறது. சாத்திய கதவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

தானப் பத்திரம் எந்த அலமாரியில்?

புதிய பூங்காக்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மனைப்பிரிவுகளிலிருந்து. சென்னைக்காரர்கள் ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’ என்று சொல்வது இதைத்தான். 3,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய பதின்மூன்றரை கிரவுண்டுக்கு மேல் இடம் இருந்தால், சாலைகள் நீங்கலாக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, இடம் விட முடியாதவர்கள் வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டிவிடலாம். அதற்கு மேலே அந்தச் சலுகை கிடையாது. நிலத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும்.

காகிதத்தில் இது அருமையான விதி. நகரம் ஒரு பைசா செலவழிக்காமல் பேட்டைக்குப் பேட்டை பூங்கா கிடைக்கும். ஆனால் பத்திரம் பதிவான நாளுக்கும் அங்கே முதல் ஊஞ்சல் ஆடும் நாளுக்கும் நடுவில்தான் எல்லாத் தொல்லையும். எழுதிக் கொடுத்த நிலத்தை அளந்து, கல் நட்டு, வேலி போட்டு, ‘மாநகராட்சிக்குச் சொந்தமானது’ என்று பலகை வைக்கும் வரை அது வெறும் காலி மனை. காலி மனையில் முதலில் கார் நிற்கும். பிறகு குப்பை சேரும். பிறகு ஒரு மூலையில் கொட்டகை முளைக்கும். சில இடங்களில் குடியிருப்போர் சங்கமே அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி “எங்கள் காலனிக்காரர்களுக்கு மட்டும்” என்று எழுதிவிடும். தானம் கொடுத்த நிலத்துக்கு ஊர் முழுவதும் உரிமை உண்டு என்பது அந்தக் காலனிக்காரர்களுக்கே பல சமயம் தெரியாது.

இதில் சென்னைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2011 வரை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர்தான். அந்த ஆண்டு சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. நகராட்சிகள் ஒன்பது, பேரூராட்சிகள் எட்டு, ஊராட்சிகள் இருபத்தைந்து. ஐ.டி. நிறுவனங்களும் அடுக்ககங்களும் வேகமாக எழுந்தது இந்தப் பகுதிகளில்தான். ஓ.எஸ்.ஆர். நிலங்கள் நிறையச் சேர்ந்ததும் இங்கேதான். ஊராட்சித் தலைவர் காலத்துப் பத்திரம், பேரூராட்சி அலுவலகத்து வரைபடம், எங்கோ ஓர் அலமாரியில் கட்டுப்போட்டுக் கிடந்த மனைப்பிரிவு அனுமதி என்று 42 இடத்துக் காகிதங்களை ஒரே கணக்காக்குவது ஒரு தலைமுறை வேலை. தன்னிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று சரியாகத் தெரியாத நிர்வாகம், தொலைந்ததை எப்படித் தேடும்?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959-இலேயே வந்துவிட்டது. உள்ளாட்சி தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களையும் திடல்களையும் பட்டியலிட வேண்டும். பட்டியலில் இருப்பதை நினைத்தபடி வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்பது அதன் சாரம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பட்டியல்தான் காவல் என்று புரிந்துகொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

நல்ல காரியத்துக்குப் பூங்காவை எடுக்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. வழக்கு பெங்களூரைச் சேர்ந்தது. ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, எழுபதுகளில் அரசின் உத்தரவுப்படி ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பகுதிவாசிகள் நீதிமன்றம் போனார்கள். தனி நீதிபதி அவர்கள் மனுவைத் தள்ளினார்; டிவிஷன் பெஞ்ச் ஏற்றுக்கொண்டது; விவகாரம் டெல்லிக்குப் போனது. மருத்துவமனையும் பொதுநன்மைதானே என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். நீதிபதிகள் தொம்மனும் சஹாயும் அதை ஏற்கவில்லை. திறந்தவெளி என்பது குடியிருப்புத் திட்டத்தின் உறுப்பு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று அதை மாற்றிக்கொள்ள முடியாது. அங்கே குடியிருப்பவர்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். ‘பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா’ என்ற அந்தத் தீர்ப்பு, இன்றும் இந்தியாவின் எந்த ஊரில் பூங்கா வழக்கு நடந்தாலும் வழக்கறிஞர்கள் முதலில் நீட்டும் காகிதம்.

பீப்பிள்ஸ் பார்க்கின் குளங்கள் ஒவ்வொன்றாக மறைந்த காலத்தில் அப்படி ஒரு தீர்ப்பு இல்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு

நிலம் காப்பாற்றப்பட்டது, சுவர் வந்தது, எட்டு வடிவ நடைபாதையும் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி பூட்டு.

காலை ஐந்து மணிக்குத் திறந்து ஒன்பது பத்து மணிக்குச் சாத்தி, மாலை நான்கு மணிக்கு மேல் மறுபடி திறப்பது சென்னைப் பூங்காக்கள் பலவற்றின் வெகுநாள் வழக்கம். நடைப்பயிற்சிக்கு வருபவர்களை மனதில் வைத்து அமைத்த நேரம் இது. காலையில் நடந்துவிட்டு வீட்டுக்குப் போய், குளிர்சாதன அறைக்குப் போகிறவருக்கு இதில் குறை தெரியாது. பகலில் பூங்கா தேவைப்படுவது வேறு ஆட்களுக்கு. விடிவதற்குள் வேலைக்கு வந்து தெருவைக் கூட்டி முடித்த தூய்மைப் பணியாளருக்கு. அடுத்த ஆர்டர் வரும் வரை வண்டியை நிறுத்திவிட்டுத் தெருவோரம் காத்திருக்கும் உணவு டெலிவரி இளைஞருக்கு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஐந்தாவது வீட்டுக்குப் போகுமுன் கால் நீட்ட இடம் தேடும் பெண்ணுக்கு. ஒற்றை அறை வீட்டில் பகல் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவருக்கு. சென்னை வெயில் உச்சத்தில் நிற்கும் நேரத்தில், ஊரிலேயே அதிக நிழல் உள்ள இடம் பூட்டிக் கிடக்கிறது.

பகலில் திறந்துவிட்டால் குடிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், காதலர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது சாத்துவதற்குச் சொல்லும் காரணம். குடிப்பதைத் தடுக்கக் காவலாளி இருக்கிறார். காதலர்கள் பெஞ்சில் உட்காருவதில் நகரத்துக்கு என்ன நட்டம்? ஆள் நடமாட்டம் உள்ள பூங்காதான் பாதுகாப்பான பூங்கா. வெறிச்சோடிய இடத்தில்தான் வேண்டாத காரியங்கள் நடக்கும். பெங்களூரில் பூங்காக்களைக் காலை ஐந்து முதல் இரவு பத்து மணி வரை திறந்துவைக்க முடிவெடுத்தார்கள். நகரம் அதனால் கெட்டுப்போய்விடவில்லை.

உண்மையில் பூட்டுக்குப் பின்னால் இருப்பது சம்பளக் கணக்கு. நாள் முழுவதும் திறந்துவைக்க வேண்டுமானால் இரண்டு ஷிப்டுக்கு ஆள் வேண்டும். கழிப்பறை திறந்திருக்க வேண்டும், அதில் தண்ணீர் வர வேண்டும், அதைக் கழுவ ஒருவர் வேண்டும். பெரும்பாலான பூங்காக்களின் பராமரிப்பு இன்று ஒப்பந்ததாரர்களிடம் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடுவது, சருகு கூட்டுவது, வாசலைத் திறந்து மூடுவது, புல் வெட்டுவது எல்லாவற்றையும் சின்னப் பூங்காக்களில் ஒரே ஆள் பார்க்கிறார். ஒரு பூங்கா நன்றாக இருக்கிறதா என்பது திறப்புவிழாக் கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. அந்த ஒற்றை ஆளுக்கு எத்தனை மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தது என்பதைப் பொறுத்தது. கட்டுவதற்குக் கோடிகளில் பணம் ஒதுக்கும் நகரங்கள், பராமரிப்பவருக்குக் கொடுப்பதில் மட்டும் கையைச் சுருக்கிக்கொள்கின்றன.

மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா வேறு வழியில் போனது. அமிர்தாஞ்சனை உருவாக்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் அமைந்த பூங்கா. சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் அதைத் தத்தெடுத்துப் பராமரிக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அங்கே மைக் இல்லாமல் பிள்ளைகள் பாடும் கச்சேரி நடக்கும். காக்கைச் சத்தத்துக்கும் பஸ் ஹாரனுக்கும் நடுவே வரும் அந்தக் குரலைக் கேட்க நடைப்பயிற்சிக்காரர்கள் நின்றுவிடுவார்கள். பூங்கா ஓர் ஊரின் முற்றமாக எப்படி ஆகும் என்பதைக் காட்டும் இடம் அது. ஆனால் தத்தெடுக்க நிறுவனங்கள் விரும்பும் பூங்காக்கள் எங்கே இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகை வைத்தால் பத்துப் பேர் பார்க்கும் இடத்துக்குத்தான் நிறுவனம் வரும். வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் மாநகராட்சியை விட்டால் வேறு கதி இல்லை. தத்தெடுப்பால் மிச்சமாகும் பணம் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் உண்டு.

புல்லும் மரமும்

2019 ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது பூங்காப் புல்லுக்கு யார் விடுவார்கள்? கம்பளம் விரித்ததுபோல் புல்தரை அமைப்பது திறப்புவிழாப் புகைப்படத்துக்கு அழகு. அதற்குத் தினம் தண்ணீர் வேண்டும். போர் வற்றினால் டேங்கர் லாரி வேண்டும். புங்கனுக்கும் வேம்புக்கும் பூவரசுக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டு கவனித்தால் போதும். அப்புறம் அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். நிழலையும் தரும். இந்த ஊர் வெயிலுக்குப் புல்லைவிட நிழல்தான் முக்கியம் என்பது வெளியில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. மறுநாள் காலை சென்னைத் தெருக்கள் மரங்களால் அடைபட்டுக் கிடந்தன. அழகுக்காக நட்ட குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்றவை வேரோடு சாய்ந்திருந்தன. பல மரங்களின் அடியைப் பார்த்தால் காரணம் தெரிந்தது: தூரைச் சுற்றிக் கழுத்தை நெரிப்பதுபோல் சிமெண்ட். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே சொல்லியிருந்தது. இன்றும் பூங்காவைப் ‘புதுப்பிக்கிறோம்’ என்று தொடங்கும் வேலைகளில் முதலில் வந்து இறங்குவது பேவர் பிளாக் லாரிதான். மண்ணை மூடிவிட்டு மழைநீர் தேங்குகிறது என்று வருந்துகிறோம்.

இதில் நம்பிக்கை தரும் முயற்சிகளும் உண்டு. கோட்டூர்புரத்தில் அடையாறு கரையோரம் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தில் ‘நிழல்’ அமைப்பு 2006 முதல் நாட்டு மரங்களை வளர்த்து ஒரு மரப்பூங்காவையே உண்டாக்கிவிட்டது. அதே கோட்டூர்புரத்தில் 2020 தொடக்கத்தில் மாநகராட்சி தன் முதல் மியாவாக்கி காட்டை நட்டது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறைப்படி, சின்ன இடத்தில் பலவகைக் கன்றுகளை நெருக்கி நடுவது இது. ஒன்றோடொன்று போட்டி போட்டு மளமளவென்று வளரும். குருவிக்கும் பட்டாம்பூச்சிக்கும் நல்ல இடம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த நெருக்கமான காட்டுக்குள் குழந்தை ஓடி விளையாட முடியாது. ‘இத்தனை மியாவாக்கி காடு அமைத்தோம்’ என்ற கணக்கு, பூங்காக் கணக்குக்கு மாற்றாகாது.

தாழ்வான பூங்காக்களில் மழைநீர் வந்து தங்கி நிலத்தில் இறங்க ஆழமில்லாத குளம் வெட்டும் ‘ஸ்பாஞ்ச் பார்க்’ முறையையும் மாநகராட்சி கையில் எடுத்திருக்கிறது. போரூரில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. சுமார் 16 ஏக்கரில் அமைத்த ஈரநிலப் பூங்கா 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஏரியைத் தூர்த்து நகர் கட்டிய ஊர், பூங்காவுக்குள் குட்டை தோண்டித் தண்ணீருக்கு இடம் தேடுகிறது.

நூறு ரூபாய் வாசல்

கதீட்ரல் சாலையில் இரண்டு பெரிய பூங்காக்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று, டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடத்தில் 2010-இல் திறந்த செம்மொழிப் பூங்கா. இன்னொன்று, 2024 அக்டோபரில் ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகமான இடத்தில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. கோடிக்கணக்கில் மதிப்புள்ள நிலத்தைக் கடைகளாக்காமல் பூங்காவாக்கியது பெரிய காரியம், பாராட்டத்தான் வேண்டும். புதிய பூங்காவில் ஜிப்லைன், கண்ணாடி மாளிகை, பறவைக்கூடம் எல்லாம் உண்டு. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய், சிறுவர்களுக்கு ஐம்பது என்று வைத்தார்கள்.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு முந்நூறு ரூபாய். பிறந்த நாளுக்கோ பொங்கலுக்கோ போய்வரலாம். வாரத்துக்கு நாலு நாள் போக முடியாது. அது சுற்றுலா இடம், பேட்டைப் பூங்காவுக்கு மாற்றல்ல. இரண்டுக்கும் நகரில் இடம் உண்டு. ஆனால் விளம்பரமும் அதிகாரிகளின் கவனமும் முழுக்க முதலாவதன் பக்கமே சாய்ந்துவிட்டால், தெருமுனைப் பூங்காவில் அறுந்த ஊஞ்சல் அறுந்தே தொங்கும். நிர்வாகமும் சிதறிக் கிடக்கிறது. இவை இரண்டும் தோட்டக்கலைத் துறையிடம். கிண்டி தேசியப் பூங்கா வனத்துறையிடம். ஏரிக்கரைகள் நீர்வளத் துறையிடம். வார்டுப் பூங்காக்கள் மாநகராட்சியிடம். ஒரு துறை கற்றதை இன்னொரு துறை கேட்பதில்லை.

அடுத்த பெரிய சோதனை கிண்டியில் காத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, ரேஸ் கிளப் வசம் இருந்த 160 ஏக்கருக்கும் அதிகமான குத்தகை நிலத்தை எடுத்துக்கொண்டது. அதில் 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறைக்குப் பசுமைப் பூங்கா அமைக்க ஒதுக்கியது. வெள்ள நீரைத் தேக்கக் குளங்களும் வெட்டப்பட்டன. விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. 118 ஏக்கர் என்றால் ட்ரெவெல்யனின் பீப்பிள்ஸ் பார்க்கைவிட இரண்டு ஏக்கர் அதிகம். நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு சென்னைக்கு ஏறக்குறைய அதே அளவில் இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. அதை இன்றைக்கே 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஏற்றி, எல்லைக்கல் நட்டு, கட்டணமில்லாத வாசல் ஒன்றாவது திறந்துவிட்டால், நாளை ஒரு மண்டபமோ மேம்பாலமோ கேட்டு வருபவருக்குப் பதில் சொல்ல ஒரு காகிதம் கையில் இருக்கும்.

ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவில் இப்போது மாலையானால் கூட்டம். சுரங்க நிலையத்தில் இறங்கி ஏறுபவர்களும், நடக்க வந்தவர்களும், ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளும் கலந்து தெரிகிறார்கள். பூமிக்கடியில் ரயில் ஓடுகிறது. அதன் கான்கிரீட் கூரைக்கு மேல் உள்ள மண்ணில் புதிய கன்றுகள் நிற்கின்றன. வெட்டப்பட்ட முந்நூறு மரங்களின் இடத்தை அவை பிடிக்க இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். அதுவரை சித்திரை மாதத்து மதியத்தில் அங்கே வரும் பாட்டிகள், நிழல் நகர நகரப் பெஞ்சு மாற்றி உட்கார்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.